நீ எவ்வளவு உயரம்?

காசவனஹள்ளி, இரவு பதினொன்றே முக்கால்.
தண்ணீர் லாரி புக் செய்யும் எங்கள் பக்கம்
மலிவு போனில் விரல் வைத்தால் திக்குகிறது.
பெர்ஃபார்மன்ஸ் பேனலை ஓடவிட்டு நிறுத்தினேன்.
திரை முழுக்க ஊதாப் பட்டைகள்,
மூலைக்கு மூலை சிவப்பாய் ஒரு முக்கோணம்.

பிரவுசர் அடிப்படையில் சோம்பேறி.
குறையாகச் சொல்லவில்லை.
அகலத்தை மாற்று என்றால்
ஆகட்டும் என்று குறித்துக்கொள்ளும், கையை அசைக்காது.
எழுத்தைப் பெரிதாக்கு. ஆகட்டும்.
ஃபிரேம் முடியும் தறுவாயில்
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அளந்து, அடுக்கி,
வண்ணம் பூசிவிடும்.
அதற்குக் கிடைப்பது பதினாறு மில்லிசெகண்டும் சொச்சமும்.

ஆனால் நடுவில் குறுக்கிட்டு
இப்போது நீ எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டால்
பழைய எண்ணைச் சொல்லி ஒப்பேற்ற அதற்குத் தெரியாது.
போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு
பக்கத்தை மறுபடி அளக்கும்.

நாற்பது லாரிகள், நாற்பது அட்டைகள், ஒரு லூப்:
மாற்று, கேள், மாற்று, கேள்.
எந்தப் புண்ணியவான் எழுதியது என்று
கிட்டிடம் விசாரித்தேன்.
போன மார்ச். நான்.

கீழே நிஜ லாரி ரிவர்ஸில் கத்துகிறது.
பால்கனியிலிருந்து பார்க்கிறேன்.
செக்யூரிட்டி திகந்த போரா
சம்ப்புக்குள் மூங்கிலை விட்டு எடுத்து
ஈரம் ஏறிய கணுவை டார்ச்சில் பார்க்கிறார்.
ஹோஸ் ஓடுகிறது. மறுபடி மூங்கில்.
மறுபடி.
"ஆறாயிரம் லிட்டர், பில்லிலேயே இருக்கு"
டிரைவர் கன்னடத்தில் சலித்துக்கொள்கிறான்.
"பில்லில் குளிக்க முடியாது" இது போரா, இந்தியில்.

தொடங்கும்போது ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை
அளந்தால் போதாதா என்றேன் மேலிருந்து,
பெரிய ஞானி போல.
அவர் நிமிரவில்லை.
"நடுவில்தான் மேடம் நிறுத்துவான்."

உள்ளே வந்து லூப்பை இரண்டாகப் பிளந்தேன்.
முதலில் நாற்பது பேரிடமும் உயரம் கேட்பது.
பிறகு, வாயே திறக்காமல், மாற்றுவது.
மறுபடி ஓடவிட்டேன்.
ஒரே ஒரு மெல்லிய ஊதாக் கீற்று மிச்சம்,
முக்கோணம் இல்லாமல்.
என் நாற்பதையும் நான் நம்பலாம்,
எதுவும் நடுவில் நிறுத்தாது.

பன்னிரண்டரைக்கு மோட்டார் போட்டார்கள்.
கழுவாத தட்டுடன் குழாயைத் திறந்தேன்.
அது இருமியது, காற்றைத் துப்பியது,
திக்கியது,
திக்கியது,
பிறகு வந்தது.