சக்குபந்தி

நினியன் டன்ராப் என்ற பெயர்
எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.
முப்பது வருஷத்துக்குப் போட்டாலும் வராது,
முந்நூறுக்குப் போட்டாலும்.
மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் நான்
மதியம் டோக்கன் ஓடாத நேரத்தில்
கெட்டுப்போன இருபது ரூபாய் முத்திரைத்தாளின் பின்பக்கம்
அவனை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்காரன். அரண்மனைக் கவி.
ராஜா தும்மினால் ஒரு பா,
ராஜாவின் குதிரை தும்மினால் இரண்டு.
நம் பக்கமும் பாடினார்கள், நிலம் வாங்கினார்கள்.
ஆனால் இங்கே பிடி சூழ்ந்து நடந்து எல்லை காட்டியது,
கல்லும் கள்ளியும் நட்டார்கள்.
இவனுக்கு ராஜா ஒரு வரைபடத்தை நீட்டி
"ரெண்டு ஆறு தெரிகிறதா,
நடுவில் உள்ளதை வைத்துக்கொள்" என்றார்.

கெடிலம். பெண்ணை.
இரண்டும் அவன் வாயில் நுழையவில்லை.
புது டன்ராப் என்று பேர் வைத்து
பன்னிரண்டு காண்டம் பாடினான்.
பைன் மரம் வந்தது, மான் வந்தது,
தேவனாம்பட்டினத்தில் பனி பெய்தது.
கவிதையில் பெய்த பனிக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.
விலைப்பட்டியல் கடைசிக் காண்டத்தில்தான் இருந்தது:

நூறு பவுனுக்கு நூறு காணி, கூடவே சர் பட்டம்.
கப்பல் ஏற வேண்டாம்.
கோட்டை முற்றத்தில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி
இது கடலூர் மண் என்று ராஜாவே ஆணையிட்டிருந்தார்.
ஏறி நின்று இறங்கினால் சுவாதீனம் எடுத்த கணக்கு.
மழைநாளில் ஏறியவர்கள்
புது டன்ராப்பைச் செருப்போடு
வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

எல்லோரும் அதோடு விட்டுவிட,
தோல் வியாபாரி பேட்ரிக் கேர்ன்ஸ் மட்டும்
நம்பிவிட்டான்.
எட்டு மாதம் கடல்.
கழிமுகத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அஞ்சாப்புலியிடம்
சாசனத்தை விரித்து
என் நிலம் எங்கே என்றான்.
துபாஷ் சொக்கப்பன் கேள்வியை மட்டும் தமிழ்ப்படுத்தினான்,
சிரிப்பை விழுங்கிவிட்டான்.
அஞ்சாப்புலி சாசனத்தைப் பார்க்கவில்லை,
தண்ணீரைப் பார்த்தான்.
"வத்தத்துல வரச்சொல்லு, காட்டுறேன்.
ஏத்தத்துல அது யாருக்கும் இல்ல."

வத்தத்தில் போனான்.
நண்டு வளைகளுக்கு நடுவே முழங்கால் சேற்றில்
சர் பேட்ரிக் கேர்ன்ஸ்
தன் நூறு காணியில் நின்றான்.
தொப்பியைக் கழற்றினான் என்று எழுதிப் பார்த்து
அடித்துவிட்டேன்.
கால் புதைந்தவனுக்குத் தொப்பி நினைவிருக்காது.

டன்ராப் கடனில் செத்தான்.
சவப்பெட்டியைச் சுற்றி அழுதவர்களைவிட
கடன்சீட்டு வைத்திருந்தவர்கள் அதிகம்.
உயிலில் அவர்களை மறக்கவில்லை,
ஆளுக்கு ஐம்பது காணி,
மான்கள் உட்பட.

டோக்கன் நாற்பத்தேழு.
சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் பையன்.
மனையை இன்னும் நேரில் பார்க்கவில்லையாம்,
செல்போனில் காட்டுகிறான்:
பைன் கார்டன் அவென்யூ.
நுழைவாயில் வளைவு, பின்னால் பனி மூடிய மலை.
கேப்பர் மலைக்கு எப்போது பனி பிடித்ததோ.
கீழே எதுகை பிசகாமல் இரண்டு வரி,
சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

சக்குபந்தி சொல்லுங்க என்றேன்.
வடக்கே பதினாலாம் நம்பர் மனை,
தெற்கே இருபதடிப் பாதை,
மேற்கே சுப்பராயலு வகையறா புஞ்சை,
கிழக்கே கடல்.

பேனாவை நிறுத்தி
ஏத்தத்துலயா வத்தத்துலயா என்று கேட்டேன்.
பையன் புரோக்கரைப் பார்த்தான்.
புரோக்கர் கடிகாரத்தைப் பார்த்தார்.