ஈரத்துக்குக் கழிவு

தேயிலைத் தொழிற்சாலையில் இலை நிறுப்பது என் வேலை.
மழைநாளில் நூறு கிலோவுக்குப் பத்து
ஈரத்துக்கென்று கழிப்பேன்.
சாக்கைப் பிடித்தபடி முறைப்பார்கள்.
தண்ணிக்கா காசு தருவாங்க என்று கேட்டு
அடுத்த சாக்கை ஏற்றச் சொல்வேன்.

அந்த நான்தான்
கோத்தகிரியில், டானிங்டனுக்கு மேலே
இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமான வீட்டை
அரை லட்சம் குறைத்துப் பேசி
ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பார்க்கப் போன அன்று படிகளை எண்ணவில்லை.
எண்ணியது சுமை தூக்கும் ஜெபராஜ்.
"எண்பத்தி நாலு. கட்டிலுக்குப் படிக்கு அஞ்சு ரூவா, பீரோவுக்குப் பத்து.
நடுவுல நின்னா நிக்கிறதுக்கும் கூலி உண்டுங்க."

பீரோ நாற்பத்தோராம் படியில் நின்றது.
அந்த வளைவில் திரும்ப மாட்டேன் என்றது.
மூன்று நாள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அங்கேயே நின்றது.
கடைசியில் அந்தப் படியிலேயே குடியிருக்கும் லில்லிபாய்க்கு
பாதி விலைக்குக் கொடுத்தோம்.
இப்போதும் வேலைக்கு இறங்கும்போது
அவர்கள் கதவு திறந்திருந்தால்
என் பீரோவின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டை விற்ற போஜன் நல்ல மனிதர்.
வில்லங்கம் இல்லை என்று சான்றிதழ் இருந்தது.
பல்பு இல்லை என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.
பதினோரு ஹோல்டர்கள் வாயைத் திறந்துகொண்டு தொங்கின.
கொடிக்கயிறு கட்டும் கொக்கியைக்கூடத் திருகி எடுத்துப் போயிருந்தார்.
செல்போன் வெளிச்சத்தில் பால் காய்ச்சினோம்.
பொங்கியதா என்று தெரியவில்லை,
கருகிய வாசனை மட்டும் வந்தது.

வெந்நீருக்கு கீசர். கீசரைத் தாங்காத வயர்.
புது வயரைத் தாங்காத மீட்டர் பலகை.
பலகையை அடிக்க ஆணி இறங்காத, ஓதம் ஏறிய சுவர்.
"காஞ்ச பொறகுதான் பெயிண்ட் அடிக்கணும்."
"எப்ப காயும்?"
"ஜனவரியில கேளுங்க."
அளக்க வந்தவருக்கு ஜீப் வாடகை கொடுத்தோம்,
பிறகு ஜீப் ஏறாத படிகளுக்காக
அவருடைய முழங்காலுக்கும்.

ஐப்பசி மழையில் பின்பக்கத் தடுப்புச் சுவர்
வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, விடிவதற்குள் உட்கார்ந்தது.
மண் மேல்வீட்டுக்காரருடையது,
சுவர் எங்களுடையது என்றார் மேஸ்திரி.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
வளையலைக் கழற்ற சோப்புப் போட வேண்டியிருந்தது.
இடிந்த வழியாக வந்த காட்டெருமை
புதிதாக நட்ட காரட்டைத் தின்றுவிட்டு
வாசலில் சாணி போட்டுப் போனது.
இதுவரை இலவசமாகக் கிடைத்தது அதுதான்.

கட்டிப் பார் என்று சொன்னவர்கள்
வாங்கிப் பார் என்று ஏன் சொல்லவில்லையோ.

மாதக் கடைசியில் கணக்கு நோட்டைக் கூட்டினேன்.
முந்நூற்று நாற்பது ரூபாய் உதைத்தது.
லட்சங்கள் எல்லாம் நேராக நின்றன,
இந்த முந்நூற்று நாற்பது மட்டும் எங்கேயும் ஒட்டவில்லை.
பதினோரு மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன்.
போர்வைக்குள்ளிருந்து தயாளன் சொன்னான்:
"அது காலிங் பெல்."
பத்திரம் பதியும் முன்பே வாங்கி
பஸ்ஸில் தன் சீட்டுக்கடியில் வைத்திருந்தானாம்.
அவன் வளர்ந்த லைன் வீட்டில்
யாரும் கேட்டுவிட்டு உள்ளே வந்ததில்லையாம்.

மாட்டினோம். குருவிச் சத்தம்.
எண்பத்து நான்கு படி ஏறி
அதை அழுத்த இன்னும் யாரும் வரவில்லை.
ஆனால் சுவிட்சுக்குள் ஈரம் இறங்கினால் தானாகவே கூவுகிறது,
பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு.
கழற்ற நூற்றைம்பது, படிக்குத் தனி என்கிறார் எலக்ட்ரீசியன்.
இருக்கட்டும் என்கிறான் இவன்.
முறை வைத்து எழுந்து போகிறோம்.

நேற்று என் முறை.
கதவைத் திறந்தேன்.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
உள்ளே வந்தது மூடுபனி.