ஊறாதவை

இரவு ஒன்பதுக்கு ஊறப்போட்ட சோயா
மூன்றரைக்கு எழுந்து பார்க்கையில்
வாளி விளிம்பை முட்டிக்கொண்டிருக்கும்.
நகம் வைத்தால் இறங்கும்.

அடியில் மட்டும் சில
கிளுக்கென்று உருளும்,
போட்டபடியே, சின்னதாய்.
லியோங் தவுக்கே அதைக் கல் என்பார்.
கல்தான்.
தைப்பூசத்துக்கு முதல் நாள்
ஒன்று போய் மில்லின் பல்லை உடைத்தது.
நானூறு வெள்ளி.
அவர் திட்டியது மில்லை; காது என்னுடையது.

அன்றிலிருந்து கைவிட்டுத் துழாவுகிறேன்.
கண்ணுக்குத் தெரியாது, விரல் சொல்லும்.

செர்டாங்கில் சோயா ஆராய்ச்சி செய்யும் லோஷினி,
நாத்தனார் மகள்,
லீவுக்குக் கோலகெட்டில் வந்தவள்
வாளியருகே குந்தினாள்.
காட்டுச் சோயா இப்படித்தானாம் அத்தை,
லேசில் தண்ணீர் குடிக்காதாம்.
மரபணு ஒன்றில் ஓரெழுத்து மாறி
தோல் வழிவிட்டதாம்.
சீக்கிரம் வேகும் செடியின் விதையையே
யாரோ ஒருத்தி எடுத்து வைத்திருப்பாள்,
பல்லாயிரம் வருசத்துக்கு முன்னே.

ஓரெழுத்து.
கல்லுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம்.

அப்படியென்றால் இது ஏன் இன்னும், என்றேன்.
வெயிலாய் இருக்கலாம், வேறு மரபணுவாய் இருக்கலாம்,
பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள்.
தோலில் சுண்ணாம்புச் சத்து கூடினால்
கதவு இறுகும் என்பதுவரை தெரியுமாம்.
சிரித்துவிட்டேன்.
பாலை நான் தவ்ஃபுவாய் உறையவைப்பதும்
அதே சத்தில்தான். ஜிப்சம், ஒரு கரண்டி.

நவம்பரில் ஆறு கடைக்குள் வந்தது.
நாற்பது மூட்டை
ஒரே ராத்திரியில் குடித்து வீங்கித் தையல் விட்டது.
மூன்றாம் நாள் நாற்றம்
செம்பனை ஆலையையே தோற்கடித்தது.
ரஃபிகுலும் நானும் மண்வெட்டியால் அள்ளினோம்.
சேறு காய்ந்த தரையில் அவை கிடந்தன.
கழுவினால் போதும், புதுசு.

படம் எடுத்து லோஷினிக்கு அனுப்பினேன்.
நீங்களும் இப்படித்தான் அத்தை என்று
சிவப்பு இதயம் போட்டாள்.
இல்லை பெண்ணே.
வந்த தண்ணீரையெல்லாம் குடித்தவள் நான்.
ஆறு வாரமாய் அரைச் சம்பளம்,
அதையும்தான்.

அவள் கேட்டாளென்று
நூற்றுப் பன்னிரண்டை மைலோ டின்னில் எண்ணிப் போட்டு
அஞ்சலில் சேர்த்தேன்.
நகவெட்டியால் தோலைத் துளி கீறி
ஊறவைத்துப் பார்ப்பாளாம்.
கீறினால் ராத்திரிக்குள் பருத்துவிடுமாம்.

ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.
சமையலறை ஜன்னலில், கண்ணாடி டம்ளரில்,
இன்றைக்குப் பதினேழாம் நாள்.
தண்ணீரைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.