நடுச் சில்லு

காருக்குக் குழி ஒரு பொருட்டில்லை.
கால் இரண்டையும் அகட்டி
நடுவில் விட்டுவிட்டுப் போய்விடும்.
மோட்டார் சைக்கிளுக்கோ ஒற்றைக் கோடு போதும்,
ஊசிக்குள் நூல் மாதிரி நுழைந்துவிடலாம்.
என்னுடையது மூன்று கோடு.
முன்சில்லைத் தப்பவைத்தால் பின்சில்லில் ஒன்று விழும்.
பின்சில்லு இரண்டையும் கரையேற்றிவிட்டால்
குழிக்கு நேரே போய் நிற்கும் நடுச் சில்லு,
கூப்பிட்டு வைத்த மாதிரி.

ஆகவே தப்புவது பற்றி நான் யோசிப்பதில்லை.
எதை விழவிடுவது,
இருபத்திரண்டு வருசமாய் அதுதான் யோசனை.

தனியாள் ஏறினால் இடப்பக்கம்தான் இருப்பார்.
வலது பின்சில்லுக்கு மேலே வெற்றுச் சீட்.
அதை இறக்குவேன்.
புருசன் பெண்சாதி ஏறினால்
எவர் பேரம் பேசவில்லையோ அவர் பக்கத்தைக் காப்பேன்.
இதை எங்கள் ஸ்டாண்டில் யாருக்கும் சொல்லவேண்டாம்.

ஃபர்ஸானின் கொள்கை வேறு.
"வேகமாப் போனா குழிக்கு எங்களத் தெரியாது மச்சான்."
அவனுடைய முன் ஃபோர்க்கில்
இரண்டு இடத்தில் வெல்டிங் தழும்பு.
பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கு
அவன் பிள்ளைகளின் பெயரெல்லாம் மனப்பாடம்.

ஒக்டோபர் மழை. கண் ஆஸ்பத்திரி வாசல்.
ஒரு கண்ணில் பஞ்சும் பிளாஸ்டரும்,
கையில் சொட்டு மருந்துப் பை.
என் வயசுதான் இருக்கும்.
முகத்துவாரம் போகவேணும், தலை குலுங்கக்கூடாதாம், என்றார்.
பேலியகொடை மீன் சந்தையில் கணக்கு எழுதுகிறவராம்,
பெயர் புளோரன்ஸ்.
தலை குலுங்காமல் முகத்துவாரமா?
மீற்றரைப் போட்டேன்.

மருதானை வரை பரவாயில்லை.
ஆமர் வீதியில் தண்ணீர்.
தண்ணீருக்குக் கீழே எல்லாத் தெருவும் நல்ல தெரு.
ஓரிடத்தில் யாரோ சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையை
இறக்கி வைத்திருந்தார்கள், முதுகு மட்டும் தெரிந்தது.
ஆழம் எவ்வளவு என்று அதைவிடத் தெளிவாய்
மாநகரசபைகூடச் சொன்னதில்லை.

மற்றதெல்லாம் ஞாபகத்தில்தான்.
சைவக்கடைக்கு முன்னால் நீளமானது.
பார்மசி வளைவில் மூன்று, குடும்பமாய்.
"மிஸ், இப்ப வலது" என்பேன்.
கம்பியைப் பிடிப்பார்.
"இப்ப முன்னால, சின்னது."
முதல் கியரில், கிளச்சை அரைவாசி விட்டு,
முன்சில்லை மெல்ல உள்ளே இறக்கி
அது அடியைத் தொட்டபிறகுதான் ஏற்றுவேன்.
பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தபடியே.

ஜம்பட்டா வீதிக்குத் திரும்பும்போது
நான் வாய் திறக்குமுன்னே
"இடது" என்றார்.
இடதுதான்.
அடுத்ததையும் சொன்னார். அதற்கடுத்ததையும்.

"ஒரு கண்ணால எப்படித் தெரியுது, தண்ணிக்குள்ள?"
"ரோட்ட யாரு பாத்தது?
குழி வர முந்தியே உங்கட தோள் இறங்குது.
எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்."

அதற்குப் பிறகு தோளை
நேராக வைத்துக்கொண்டேன்,
ஸ்டூடியோவில் படமெடுக்க இருக்கிறவன் போல.
வரிசையாய் நாலு குழியில் விழுந்தோம்.
"பழையபடியே ஓட்டுங்க" என்றார்.

முகத்துவாரத்தில் இறங்கி, காசை எண்ணித் தந்து,
"கண் இருக்கு" என்றார்,
இரவல் வாங்கிய பாத்திரத்தைத்
திருப்பிக் கொடுக்கிற குரலில்.

தை மாதம் ஜம்பட்டா வீதிக்குக் கார்பெட் போட்டார்கள்.
கறுப்பு. ஈரமில்லாமலே மினுக்கம்.
ஓரத்தில் நீர்ச்சபைக்காரர்
அடுத்துத் தோண்டப்போகிற இடத்துக்கு
ஏற்கெனவே சுண்ணாம்பில் சதுரம் கீறியிருந்தார்கள்.
பின்னால் ஒரு பொடியன், காதில் வயர், ஃபோனில் கண்.
ஒன்றுமே இல்லாத இடத்தில்
என் தோள் இடப்பக்கம் இறங்கியது.
ஹேண்டிலும் கூடவே போனது.
பொடியன் திடுக்கிட்டுக் கம்பியைப் பிடித்தான்.
வீதியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
நான் மீற்றரைப் பார்த்தேன்.