ஸ்ரீராமபுரம், இரண்டாம் ஆட்டம்

நான் படத்தைப் பார்க்கவில்லை.
திரைக்குப் பின்சுவரும் என் பார்க்கிங் சுவரும் ஒன்றே.
ஒன்பது நாளாய், நாளைக்கு நான்கு ஆட்டம்,
செங்கல் வழியாகக் கேட்டிருக்கிறேன்.
முதல் கேட் கிரீச்சிட்டால்
பெயர் போட்டு முடிந்தது.
லத்தி கம்பியில் உரசிப் போனால்
இடைவேளைக்குப் பத்து நிமிடம்;
சமோசாக்காரப் பையன் அடுப்பில் எண்ணெய் வைப்பது
அந்தச் சத்தத்துக்குத்தான்.
கடைசியில் ஒரு பெரிய கதவு
சினை எருமைபோல் கத்தித் திறக்கிறது.
டோக்கன் பெட்டியோடு எழுந்து நிற்கிறேன்.

ஹெல்மெட் மாட்டுவதற்குள்
எல்லாருக்கும் தீர்ப்பு எழுதிவிட வேண்டும்.

"நடிக்கத் தெரிஞ்சவன் நடிச்சுட்டுப் போவணும்.
டைரக்‌ஷன் யாரு கேட்டா இவன?"
இது ஜெயசீலன், பெயின்ட் கடை, டோக்கன் பதினெட்டு.
வெள்ளிக்கிழமையும் வந்தார்.
அன்றைக்கும் இதையேதான் சொன்னார்.

"மச்சா, பதினோரு வருஷம் உள்ள இருக்கான்,
தாடி வளருது, தொப்பை மட்டும் எறங்கல."
"டைரக்டரே ஹீரோன்னா
மூச்ச இழுன்னு யாருடா சொல்றது?"
காலேஜ் பையன்கள். ஒரே வண்டியில் மூன்று பேர்.

மல்லேஸ்வரத்திலிருந்து காரில் வந்தவர்
போனில் யாருக்கோ விளக்குகிறார்,
வசனத்தைவிட மௌனம் பேசுகிறது என்று.
எனக்கு மௌனம் கேட்கவில்லை.
சுவர் அதை விடுவதில்லை.

"ஜைலல்லி முத்தெனே இல்வா?" என்று
கன்னடத்தில் சந்தேகப்பட்டார் டீக்கடை நாகராஜப்பா.
கைதிக்குச் சப்பாத்தியும் குருமாவும் போட்டதை
அவர் மன்னிக்கவே இல்லை.

முந்தானையில் மூக்கைத் துடைத்தபடி பிலோமினா:
"அவ்ளோ பெரிய நடிகன்,
கூச்சப்படாம கக்கூஸ் கழுவுறான்பா."
அவள் வீட்டுக்காரர் முனிரத்தினம்
இருபத்தெட்டு வருஷமாய்
மாநகராட்சியில் அதைத்தான் செய்கிறார்.
வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை.
மறுபடி உதைத்தார்.
படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என்னை யாரும் கேட்பதில்லை.
கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்:
கதவு தப்பு.
எங்கள் பிளாக்கின் கதவுக்கு
மாதாமாதம் எண்ணெய் போடுவார்கள்.
பதினான்கு மாதத்தில்
ஒருநாளும் அது கத்தவில்லை.
ஈரத்துணி மடிவதுபோல் வந்து மூடும்.
சத்தம் போட்டிருந்தால்
திட்டவாவது திட்டியிருக்கலாம்.

தூறல் விழத் தொடங்கிவிட்டது.
கடைசி வண்டி ஒரு ஸ்கூட்டி, டோக்கன் அறுபத்தொன்று.
கழுத்தில் கார்மென்ட்ஸ் அடையாள அட்டையைக்கூடக்
கழற்றாத ஒரு பெண்.
இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"அவ்வளவு பிடிச்சிருக்கா படம்?" என்றேன்.
இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"படமா," என்றாள், ஏதோ வேறொன்றைச் சொன்னதுபோல.
"ஞாயித்துக்கெழமை போனா
கண்ணாடிக்கு அந்தாண்ட மூஞ்சி மட்டும் தெரியும்.
பையன் தூங்குற எடம் நான் பாத்ததில்ல.
மேல ஒரு ஃபேன் காட்டுறாங்களே,
நெஜமாவே இருக்குமாண்ணா?"

என்னிடம் ஏன் கேட்டாள், தெரியவில்லை.
டோக்கன் வாங்க நீட்டுகிற கையில்
ஏதாவது எழுதியிருக்குமோ.

"இருக்கும். ரொம்ப ஒசரத்துல.
சுத்தும், காத்து கீழ வராது."

"சத்தம் வருமா?"

"ராத்திரி பூரா."

சீட்டில் நின்ற தண்ணீரை
உள்ளங்கையால் வழித்துவிட்டாள்.
"ஒரு கொசு பறந்தாலே எழுந்து உக்காருவான்," என்றாள்,
எனக்கில்லை, ஸ்கூட்டிக்கு.
சாலையின் ஓரமாய்ச் சிவப்பு விளக்கு
சின்னதாகிப் போனது.

லைட்டை அணைக்குமுன் டோக்கன்களை எண்ணினேன்.
அறுபத்தொன்று இல்லை.
அவளிடமே போய்விட்டது, தெரியும்.
தெரிந்தும் கொட்டி மறுபடி எண்ணினேன்.
சமோசாப் பையன், "விடுண்ணே, ஒரு டோக்கன்தானே," என்கிறான்.
எண்ணிக்கை சேராமல்
எனக்குப் படுக்க வராது.