தோள் மாற்ற ஆள்

படம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
தஞ்சாவூர் அரங்கில் விளக்கு எரிந்ததும்
முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டது.
பின்வரிசை தேநீருக்குப் போனது.
நெட்டிக்குடிக்கு வேனில் திரும்பும்போது
அருமைக்கண்ணு கேட்டாள்:
"அவ்ளோ பேரு அழுதாங்களே,
அதுல ஒரு ஆளாவது நம்ம பொணத்துக்குத் தோள் குடுக்குமா?"

நான் படத்தை வெட்டி ஒட்டியவன்.
கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாய்க்காலுக்கு இப்பால் காலனி, அப்பால் சுடுகாடு.
நடுவே வேறொருவர் வயல்.
கோடைத் தரிசில் செத்தால் வரப்போடு போய்விடலாம்.
ஆடி கழிந்து செத்தால்
நாற்று மிதிபடும் என்பார்கள்.
நட்டது மாசிலாமணி வீட்டுக் கைதான்.
மாசிலாமணி செத்தது புரட்டாசியில்.
இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலோடு தூக்கிப் போனார்கள்,
பத்தொன்பது நிமிடம்.
படத்தில் அதை நான்காக்கியது நான்.

பிறகுதான் இது.
திரையில் ஊர், வாய்க்கால், பாடை.
விரலை வைத்தால் நகரும்.
எடுத்தால் நின்ற இடத்திலேயே இறங்கிவிடும்.
ஓட்டிப் பார்க்க முடியாது, தாண்டிப் போக முடியாது.
பத்தொன்பது நிமிடமென்றால் பத்தொன்பது.

முதல் வாரம் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள்.
சராசரி முப்பத்தெட்டு விநாடி.
மூவாயிரம் தடவை மாசிலாமணியைக்
காலனிக் குழாயடியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

அருமைக்கண்ணு மகனின் போனை வாங்கினாள்.
களையெடுத்துக் காய்த்த விரல்,
கண்ணாடி முதலில் அதை ஏற்கவில்லை.
புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள்.
ஏழாம் நிமிடத்தில் சிரித்துவிட்டாள்.
"ஒத்த ஆளு தூக்குறானே, இது எந்த ஊரு வழக்கம்?
நாலு பேரு வேணும்.
தண்ணி ஏறுனா தோள் மாத்த இன்னும் நாலு.
அத எழுது ஒன் மிசின்ல."

மூன்று இரவு எழுதினேன்.
இப்போது நான்கு போன் சேர்ந்தால்தான் பாடை எழும்.
ஒரு விரல் தளர்ந்தால் ஒரு மூலை சாயும்,
எங்கிருந்தாவது யாராவது வந்து பிடிக்கலாம்.
திண்டிவனம். தோஹாவில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர்.
இரவுப் பணியில் ஒரு நர்ஸ்.
பெயர் கேட்பதில்லை. மற்றதையும் கேட்பதில்லை.
சில சமயம் மூன்று பேர் வாய்க்கால் நடுவே
நாலாம் ஆளுக்காக நிற்பார்கள்.
தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மதகடியில் ஒரு புள்ளி. தொட்டால் அவள் குரல்:
"இங்கனதான் கால் வழுக்குச்சு, அவரு…"
அப்புறம் பதினோரு விநாடி ஒன்றுமில்லை.
படத்தில் அதை வெட்டியிருந்தேன், தொய்கிறது என்று.
இங்கே இருக்கிறது.

திங்கட்கிழமை மனுநாளில்
தாளுக்கு முன்னால் போனை நீட்டினாள்.
கோட்டாட்சியர் விரல் வைத்தார், நல்ல மனுஷர்தான்.
இரண்டாம் நிமிடம் அவருடைய போன் அடித்தது.
மூலை சாய்ந்தது.
அவர் பேசி முடிக்கும்வரை
அந்த மூலையை இவள் பிடித்திருந்தாள்.
மனுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.
எண் என் சட்டைப்பையில் இருக்கிறது.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
நாலாம் ஆளாக வந்த விரல் ஒன்று
கடைசிவரை எடுக்கவில்லை.
பார்த்தேன், நெட்டிக்குடி டவர்.
மேலத்தெருவுக்கும் காலனிக்கும் அது ஒன்றுதான்.
எந்தத் தெரு என்று அதற்குத் தெரியாது.

காலையில் சொன்னேன்.
நாற்றுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்:
"தண்ணிக்குள்ள எறங்குச்சா அந்த வெரலு?"

இறங்கியது என்றேன்.

"சரி, கையக் குடு, இன்னொரு கட்டு கெடக்கு."