கசிவு

பகலில் என் வேலை இரைச்சலை நீக்குவது.
ஔலு நகரில், மீன் சந்தைக்குப் பின்தெருவில்,
காதுக்கருவி பழுதுபார்க்கும் கடை.
கரண்டி விழுந்தால் கன்னத்தில் அறைகிறது என்பார்கள்,
குறைப்பேன்.
பெண்டாட்டி பேச்சு தகரத்துக்குள்ளிருந்து வருகிறது என்பார்கள்,
அந்தத் தகரத்தைக் கழற்றுவேன்.
ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்த்
தகரம் செய்கிறேன்.

கழிவுப் பெட்டியில் கிடைத்தது அது:
சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழைய மாடல்,
சிகரெட் பெட்டி அளவு.
உள்ளே மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்.
ஒன்று செத்திருந்தது.
மற்ற இரண்டும் கசிந்தன.
யாருடைய மார்பில் ஒட்டிக் கிடந்து
எத்தனை "என்ன? என்ன சொன்னாய்?"களுக்குப்
பதில் சுமந்து போனவையோ.
கசிந்தால் தூக்கிப்போடு என்பது கடைச் சட்டம்.
ஃபஸ் பெடலுக்கோ
கொஞ்சம் கசிந்தால்தான் அழகு.

சால்டரிங் புகைக்காக பால்கனிக் கதவைத் திறந்து வைத்தேன்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
தலையில் கம்பளிக் குல்லாய், கையில் இடுக்கி.
இந்தச் சாதியில் சிவப்புக் கம்பிதான் தரைக்குப் போகும்;
இரண்டு தடவை மறந்தேன்,
ஒரு கெப்பாசிட்டர் பட்டென்று கண்ணை மூடியது.
டெர்ஹோ ரொட்டி வார்க்கும் அலுமினிய அச்சொன்றைக் கொடுத்தான்.
கவிழ்த்துப்போட்டு ஐந்து துளை.
மீட்டரில் நாலரை வோல்ட் வந்து நின்றது, ஆடாமல்.
முதல் டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்தேன்,
சும்மாதான்.
முள் மெல்ல ஏறியது. ஐந்து. ஐந்தே கால்.
விட்டேன், இறங்கியது.
சிரித்தேன்.
யோசித்திருக்க வேண்டும்.

ஹில்ப்பா கிட்டாரைச் சொருகி ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள்.
ஈரமான கம்பளியை இரண்டாகக் கிழித்த மாதிரி,
கிழிந்துகொண்டே இருந்தது.
மேல்மாடிக்காரர் துடைப்பக் கட்டையால் இடித்தார்.
அதுவும் சுருதியோடுதான் கேட்டது.

சனிக்கிழமை, துறைமுகத்துப் பழைய உப்புக் கிடங்கு.
இருநூறு பேர், இருநூறு கோட்டு, ஒரு ஜன்னலும் இல்லை.
மூன்றாவது பாட்டில் பெட்டிக்குத் தொண்டை கட்டியது.
ஸ்வரம் பாதியில் இருமி, துப்பி,
அப்படியே படுத்துவிட்டது.
ஹில்ப்பா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை
இங்கே எழுத முடியாது.
அடியைத் திறந்து மீட்டரை வைத்தேன்: ஏழு.
விரலில் நான் பார்த்த அதே காய்ச்சல்தான்,
இப்போது இருநூறு உடம்பிலிருந்து.

பின்கதவு வழியாக ஓடினேன், கோட்டில்லாமல்.
ஒரு பாலிதீன் பை, இரண்டு கை நிறையப் பனி.
ரொட்டி அச்சின் மேல் பையை வைத்துக் கட்டினேன்.
டெர்ஹோ தனியாக டிரம்மை அடித்து நேரம் ஓட்டினான்,
பாவம், அவனுக்குத் தெரிந்ததே மூன்று அடி.
நாலாவது நிமிஷம்
உள்ளிருந்து அந்தக் கம்பளி மறுபடி கிழிந்தது.
அன்றிரவு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பை.
முன்வரிசையில் என் வாடிக்கையாளர் ஒருவர்;
போன செவ்வாய்தான் அவர் காதுக்கு இரைச்சலை எடுத்துக் கொடுத்திருந்தேன்.
கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
மேடை விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி நின்றார்.

ஞாயிறு.
எட்டாயிரத்து இருநூறு ஓம் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு
அந்த இடத்தில் திருகு குமிழ் ஒன்று வைத்தேன்.
சூட்டுக்கு ஒரு பக்கம், குளிருக்கு ஒரு பக்கம்.
மற்ற இரண்டுக்கும் பெயர் எழுதினேன்,
இதற்கு எழுதவில்லை.
முழுக்கத் திருப்பினால்
எங்கிருந்தோ ரேடியோவில் ஓர் ஆள் நுழைந்துவிடுகிறான்,
ரஷ்ய மொழியில் எண்கள் வாசிக்கிறான்.
வானிலையாக இருக்கலாம் என்கிறாள் ஹில்ப்பா.
சின்ன கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் போய்விடுவான்.
மேசை மேல்தான் இருக்கிறது அது,
காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில்.
செவ்வாய்க்கிழமை வரைக்கும் பேசட்டும்.